இனியும் இவ்வாறே

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கழுத்து வலி பரவாயில்லையா? என் உடம்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன் சேதி.

பேப்பரில் உன் படம் பார்த்தேன். வெளியுறவுச் செயலர்! எந்தெந்த நாட்டிலோ இருக்கிற நம் தூதர்கள் அத்தனை பேருக்கும் மேலே நீதான் என்று போட்டிருக்கிறார்கள். மந்திரி வருவார், போவார், துறை என்றால் செயலர்தான் என்று கடைக்கு வந்த வக்கீல் ஒருவர் விளக்கினார். அவர் கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டே, 'அது என் தம்பிதாங்க' என்றேன். தையல்கடைக்காரிக்கு இப்படி ஒரு தம்பியா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அவர் கோட்டை இரண்டு நாள் தள்ளித்தான் கொடுத்தேன்.

படத்தில் உன் கோட்டைத் தைத்தவன் யார்? உனக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம். அதைக்கூடக் கவனிக்காமல் கத்தரி பிடிக்க வந்துவிட்டான்.

இனி என் கதை. மாடி ஏறினால் மூச்சு முட்டுகிறது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். மார்ச்சுக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், நெருங்கிய உறவு ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்கு உன்னை விட்டால் யார்? உன் அத்தான் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகளும் இல்லை. பயமாக இருக்கிறது, தம்பி. அம்மா அந்த ஆபரேஷன் அறைக் கதவுக்குள் போனவள் திரும்பி வரவேயில்லை. நீ எதுவும் செய்ய வேண்டாம், வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

போன் மட்டும் பண்ணாதே. போனில் நீ 'ம்' தவிர வேறு ஒன்றும் சொல்வதில்லை.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம், கழுத்து மட்டும் அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதம் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. டாக்டர் சொல்கிற மாத்திரைகளை நாள் தவறாமல் போடு. மாடியில் குடியிருப்பவர்களின் துணியை வாங்க நீயே ஏறாதே, அவர்களை இறங்கி வரச் சொல்.

இங்கே தலைக்கு மேல் வேலை. என் அறைக்கு மூன்று கதவு. ஒன்றில் தூதர்கள் வருவார்கள், ஒன்றில் கோப்புகள் வரும், ஒன்று மந்திரியின் அறைக்குப் போகும். சுவரில் ஒரு பலகை. இதுவரை இருந்த செயலர்கள் பெயரெல்லாம் வரிசையாகப் பொன்னெழுத்தில், சேர்ந்த தேதி, போன தேதியோடு. கடைசியில் நான், சேர்ந்த தேதி மட்டும்.

ஒரு வேடிக்கை கேள். இந்தத் துறையிலிருந்து வெளியே போகிற எந்தத் தந்தியும், யார் எழுதியிருந்தாலும், அடியில் செயலர் பெயரோடுதான் போகும். ரொம்ப காலத்துப் பழக்கம். ஒரு நாளைக்கு முந்நூறு போகிறது, நான் கண்ணால் பார்ப்பது பத்து. மற்றதில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே மறுநாள்தான் தெரியும். நேற்று ஒரு தூதர் போன் செய்து, என் கண்டனம் ரொம்பக் காட்டமாக இருந்தது என்று வருத்தப்பட்டார். 'யோசிச்சுதான் எழுதினேன்' என்றேன். என்ன கண்டனம் என்று அவரையே கேட்க முடியுமா?

மார்ச்சில் வரப் பார்க்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேன். மூச்சு மட்டும் முன்னைவிட மோசம்.

'வரப் பார்க்கிறேன்.' இந்த வார்த்தையை நீ எத்தனை தடவை எழுதியிருக்கிறாய் தெரியுமா? உன் அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வரப் பார்த்தாய். காரியத்துக்கு வரப் பார்த்தாய். கடை தீப்பிடித்தபோதும் வரப் பார்த்தாய். பார்த்துப் பார்த்தே உன் கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஊர் உலகத்துச் சண்டையெல்லாம் உன் மேஜைக்குத்தான் வருகிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தத் தடவை சண்டை என் நெஞ்சுக்குள்.

மார்ச் 18, காலை எட்டு மணி என்று தேதி கொடுத்துவிட்டார்கள். வருவேன் என்று எழுது, இல்லை வரமாட்டேன் என்று எழுது. நடுவில் ஒன்றும் வேண்டாம்.

உன் அக்கா


பிப்ரவரி 10
(அலுவலகத் தாளில், தட்டச்சில்)

என் அன்பு அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் சேரும்போது மூச்சு கொஞ்சம் இலகுவாகியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். தலையணையை இரண்டாக வைத்துப் படுக்கிறாயா? இடது பக்கம் திரும்பிப் படுக்காதே.

மார்ச் 18 அன்று காலை ஏழு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். வரப் பார்க்கவில்லை, வருகிறேன். கையெழுத்துப் போடுவேன். நீ உள்ளே போகும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், கண் விழிக்கும்போது அதே நாற்காலியில் இருப்பேன்.

அம்மாவை உள்ளே கொண்டுபோன அன்று, வராந்தாவில் நீ தையல் ஊசியை உள்ளங்கையில் குத்திக் குத்தி அழுகையை அடக்கினாய். ஏழு இடத்தில் ரத்தம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் கையை மூடிக்கொண்டாய். இந்தத் தடவை நீ கையை மூட வேண்டியதில்லை.

அத்தானுக்கும் கடைக்கும் வராமல் போனதற்கு என்னை மன்னித்துவிடு.

என்றும் உன் தம்பி


பிப்ரவரி 16

என் கண்ணே, தம்பி,

கடிதம் வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன். கடையில் ஆள் இருந்தார்கள், இருந்தால் என்ன! வருகிறேன் என்று எழுதிவிட்டாய். நேற்று நன்றாகத் தூங்கினேன். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கழுத்து வலி தீர வேண்டும்.

இப்படி எழுத உனக்கு எப்போது வந்தது? ஐம்பத்தாறு வயதில் என் தம்பிக்கு வாய் திறந்திருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஊசி விஷயம் உனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு நீ பரீட்சை எழுத வெளியூர் போயிருந்தாய். வராந்தாவில் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. நான் உன் அத்தானிடம்கூடச் சொன்னதில்லை. ஏழு என்று நான் எண்ணவும் இல்லை. கடிதத்தை வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தேன், இத்தனை வருஷத்தில் அடையாளம் எங்கே இருக்கும்?

போகட்டும். நீ வருகிறாய், அது போதும்.

உன் அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

உடம்பு தேவலையா? எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நேரே சொல்லிவிடுகிறேன். நீ அழுத அந்தக் கடிதத்தை எழுதியது நான் இல்லை.

என் மேஜையில் இரண்டு தட்டு. இடது தட்டில் இருப்பதற்கு நானே பதில் எழுத வேண்டும். வலது தட்டில் போட்டால் அது கீழே போகும், யாரோ வரைவு எழுதுவார்கள், ஒவ்வொரு மேஜையாகச் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டு என்னிடம் திரும்பும். நான் 'அனுப்பலாம்' என்று எழுதினால் போய்விடும். இரண்டு தூதர்களுக்கு நடுவே உன் கடிதத்தைப் படித்தேன். அவசரத்தில் வலது தட்டில் வைத்துவிட்டேன்.

நான்கு நாளில் வரைவு வந்தது. முதல் பத்தியைத்தான் படித்தேன். அக்கா, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்கள். எனக்கு இப்படி வராதே என்று நினைத்தேன். நல்ல வரைவைப் பார்த்தால் இங்கே நாங்கள் எழுதுகிற வழக்கமான குறிப்பையே அதன் மேலும் எழுதினேன்: 'நன்று. அனுப்பலாம். இனியும் இவ்வாறே.' முப்பது வருஷப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது.

உன் கடிதம் வந்த பிறகு கோப்பைத் தேடி எடுத்தேன். வரைவின் ஓரத்தில் எழுதியவரின் சுருக்கொப்பம் இருக்க வேண்டும். ஒருத்தருடையதும் இல்லை. எல்லாப் பிரிவிலும் கேட்டுவிட்டேன், யாரும் நான் இல்லை என்கிறார்கள். ஊசி விஷயம் எனக்கே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மார்ச் 16லிருந்து 25 வரை வெளிநாட்டில் பேச்சுவார்த்தை. சண்டை நிற்பதும் நிற்காததும் அதில்தான் இருக்கிறது, நான் இல்லாமல் நடக்காது. வர முடியாது. வேறு தேதி கேட்டுப் பார். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

தம்பி


பிப்ரவரி 23
(அலுவலகத் தாளில், தட்டச்சில்)

என் அன்பு அக்காவுக்கு,

நேற்றைய தேதியிட்டு ஒரு கடிதம் வந்திருக்கும். களைப்பில் எழுதப்பட்டது. அதை ரத்தானதாகக் கொள். தேதியை மாற்றாதே, உன் இதயம் அவ்வளவு நாள் தாங்காது.

18ஆம் தேதி ஏழு மணிக்கு வருகிறேன்.

என்றும் உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுதான் பேனா பிடிக்க டாக்டர் விட்டார். முதல் கடிதம் உனக்குத்தான். ஊர் போய்ச் சேர்ந்தாயா? பதின்மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாயே, முதுகு என்ன பாடுபடுகிறதோ.

உன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று வரமாட்டேன் என்றது, ஒன்று வருகிறேன் என்றது. எது உன் கை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எனக்கு எது வேண்டுமோ அதை நம்பினேன். ஏழு மணிக்கு நீ வந்து நின்றாய்.

வெளியே கொட்டுகிற மழை, உன் கோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நர்ஸ் படிவத்தை எடுக்க உள்ளே போனாள், திரும்பி வந்து பார்த்தால் கட்டிலில் கையெழுத்தோடு படிவம் இருந்தது. 'சார் எப்ப போட்டார்?' என்று என்னைக் கேட்டாள், எனக்கென்ன தெரியும். கையைப் பிடித்தாய். கடிதத்தில் எழுதியபடியே கடைசிவரை விடவில்லை.

கண் விழித்தபோது நீ அதே நாற்காலியில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் கேட்க வாய் திறப்பதற்குள் டம்ளர் உதட்டில் இருந்தது. நீ சாப்பிட்டு ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. கேட்டால் 'ஆச்சு அக்கா' என்றாய். ஒரு தடவை 'ம்' என்று சொல்வாயா என்று காத்திருந்தேன், சொல்லவே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முழு வாக்கியமாகப் பதில்.

உன் கோட்டைக் கழற்றச் சொல்லி மடித்து வைத்தபோது பார்த்தேன். உன் தோள் இரண்டும் ஒரே சமம். அளவுநாடா இல்லாமலே எனக்குத் தெரியும். பதவி வந்தால் நிமிர்ந்துவிடும் போலிருக்கிறது.

டாக்டர், வால்வு அருமையாக வேலை செய்கிறது என்றார். உன்னால்தான் பிழைத்தேன். சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

நீ பிழைத்துவிட்டாய், அது போதும் எனக்கு. உட்கார்ந்துகொண்டு இதைப் படி, மருந்து போட்ட பிறகு படி.

நான் வரவில்லை. மார்ச் 16லிருந்து 25 வரை கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நீள மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பேப்பரில் படம் வந்திருக்கிறது, தேதியைப் பார். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அது உன் கையைப் பிடித்தது என்கிற வரியை இரண்டு தடவை படித்தேன்.

திரும்பியதும் கோப்பை வரவழைத்து, 'முந்தைய ஒப்புதல் ரத்து. இனி என் அக்காவுக்கு நானே எழுதுவேன்' என்று குறிப்பு போட்டேன். மறுநாள் அதன் கீழே தட்டச்சில் பதில் வந்தது: 'இப்பொருளில் செயலர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். ரத்து செய்யக் கோருபவர் யார் என்பது தெளிவாக இல்லை.' அதன் அடியில் என் கையெழுத்து. என் கையெழுத்துதான், நான் போட்டதைவிடத் திருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நடக்கிறது. என் வலது தட்டு காலியாக இருக்கிறது, இடது தட்டும் காலியாக இருக்கிறது, ஆனால் பதில்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. எல்லாரும் என் பேச்சுவார்த்தையைப் பாராட்டுகிறார்கள், நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லி. பலகையில் என் பெயருக்கு எதிரே போன தேதியையும் எழுதிவிட்டார்கள். வழக்கமாக ஆள் போன பிறகுதான் எழுதுவார்கள். இன்று காலை என் உதவியாளர், இரண்டு வருஷமாக என் பையைத் தூக்கினவர், வாசலில் என்னை நிறுத்தி மரியாதையாகத்தான் கேட்டார்:

'யாரைப் பார்க்கணும் சார்? செயலர் உள்ளே இருக்கார்.'

கதவு திறந்திருந்தது. என் நாற்காலி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை.

20ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். இதை நானே தெருமுனைப் பெட்டியில் போடுகிறேன். அதற்கு முன்னால் யார் வந்தாலும் கதவைத் திறக்காதே. நான் வந்தால் திற. இதை மட்டும் செய், அக்கா.

தம்பி


ஏப்ரல் 20
(கதவுக்கு அடியில் தள்ளிய துண்டுத்தாள்)

அக்கா, மூன்று தடவை மணி அடித்துவிட்டேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்கிறது. உன் குரலும் இன்னொரு குரலும். அது என் குரல் மாதிரி இருக்கிறது.

நான்தான். நிஜமாக நான். உடம்பு சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல். திற. எனக்குப் போக வேறு இடம் இல்லை.


ஏப்ரல் 20
(அதே தாளின் பின்பக்கம்)

தம்பி,

சரியாக இருக்கிறேன். நீ இளைத்துப் போயிருக்கிறாய், கதவின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை.

நீ எழுதினபடி யாருக்கும் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். நான் திறக்கவில்லை. அடுப்படியிலிருந்து திரும்பினால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், 'மருந்து போட்டியா அக்கா' என்று கேட்டான்.

அவன் நீ இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலேயே தெரியும். அளந்து பிழைக்கிறவளுக்குத் தெரியாதா? பயந்தேன். அவன் கை வெதுவெதுப்பாக இல்லை, குளிராகவும் இல்லை. ஆனாலும் அந்தக் கதவுக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் இருந்தது. நீ வரவில்லை என்று கோபம் இல்லை, தம்பி. நீ வராமல் இருந்து பழகிவிட்டது எனக்கு, அதுதான் கொடுமை.

இப்போது வந்திருக்கிறாய். போக வேறு இடம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எத்தனை வருஷம் ஆசைப்பட்டேன், நீ இந்த வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று! போக இடம் இருந்த ஒரு நாள், ஒரே ஒரு நாள், வந்திருக்கக் கூடாதா?

தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறக்கத்தான் வைத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை, தடுக்கவில்லை. 'நீ சொன்னா நான் போயிடறேன் அக்கா' என்றான். 'உனக்கு உடம்பு சரியில்லைன்னா மறுபடி வருவேன்.' நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் சொன்னால் வருவான். கையை எடுத்துவிட்டேன்.

இரண்டு தெரு தள்ளி நல்ல விடுதி இருக்கிறது. சாப்பிடு. கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பொத்தான் தைக்காமல் வெளியே போகாதே.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். பதில் வந்துவிடும்.

உன் அக்கா